எழுபத்து நான்கு புள்ளி ஆறு

புந்தா அரீனாஸில் காற்று
எதையும் வைத்திருக்க விடாது.
தொப்பி, குடை, கடைப் பலகை,
பாதி சொன்ன வாக்கியம்
எல்லாம் நீரிணைப் பக்கம் போய்விடும்.
தெருமுனைகளில் கயிறு கட்டியிருக்கிறார்கள்,
ஆட்கள் பிடித்துக்கொள்ள.

எங்கள் கப்பல் முகவர் அலுவலகத்தின்
நிலவறையில் மட்டும்
எதுவும் போவதே இல்லை.

வட்டின் கொள்ளளவு எழுபத்தைந்து கிகாபைட்.
அஞ்சல் கோப்பு எழுபத்து நான்கு புள்ளி ஆறு.
நிரம்பினால் சர்வர் தானே கதவைச் சாத்திக்கொள்ளும்.
அப்புறம் எந்தக் கப்பலும்
வருகிறேன் என்று நமக்குச் சொல்ல முடியாது.
சாத்தாமல் பார்த்துக்கொள்ளத்தான்
யெர்கோ என்கிற எனக்குச் சம்பளம்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள்.
இங்கே எறும்பு ஊர ஊரக்
கல் வளர்கிறது.

கணக்குப் பிரிவு ஏதெல்வினாவிடம் கெஞ்சினேன்.
பதினோரு வருட ரசீதுகள்.
அழித்துவிட்டேன் என்றாள்.
அழித்தவை கூடையில் இருந்தன.
கூடையைக் கொட்டினேன்,
கொட்டியவை முப்பது நாள் காவலில் இருந்தன.
திரும்பக் கேட்டுவிட்டால்? என்று
இயந்திரத்துக்கும் ஒரு தயக்கம்.

ஒசியேல் தன் நாயின் படத்தை
நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு அனுப்பியிருந்தான்.
அத்தனை பேரும் அழகு என்று பதில் எழுத,
ஒவ்வொரு பதிலோடும்
நாயும் திரும்பி வந்திருந்தது.

முப்பது நாள் கழித்து அளந்தேன்.
எழுபத்து நான்கு புள்ளி ஆறு.
இருந்தவை போய்விட்டன.
இருந்த இடம் போகவில்லை.
கோப்புக்குள் இருபத்து மூன்று கிகாபைட் வெறுமை.

இனி வருவதெல்லாம் அதில் உட்காரும், பயமில்லை
என்று தொன் ஸ்வோனிமிருக்கு விளக்கினேன்.
முதலாளி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு
எண்ணையே பார்த்தார்.
"குறையலையே."

சுருக்கலாம்.
ஆனால் சுருக்குவதற்கு
இன்னொரு பெரிய இடம் வேண்டும்.
வீட்டுச் சாமானைக் குறைக்க நினைப்பவன்
முதலில் பக்கத்து வீட்டை வாடகைக்குப் பிடித்து
வேண்டியதை ஒவ்வொன்றாய் அங்கே கொண்டுபோய்
பழைய வீட்டை இடிப்பதுபோல.
மைத்துனியிடம் ஒரு வட்டு கடன் வாங்கினேன்,
அவள் கல்யாண வீடியோக்களை
என் மடிக்கணினிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு.

சனிக்கிழமை. ஜூன் மாத இரவு
இங்கே பதினாறு மணி நேரம்.
அஞ்சலை நிறுத்தினேன். கட்டளையைத் தட்டினேன்.
கறுப்புத் திரையில் புள்ளி புள்ளியாய்
ஒரு கோடு நகரத் தொடங்கியது,
கூட்டு வண்டியில் ஏறிய நத்தை.

செய்வதற்கு ஒன்றுமில்லை.
நிறுத்தும் முன் அச்சிட்ட
அஞ்சல்பெட்டிப் பட்டியலை எடுத்தேன்,
பெரியதிலிருந்து சிறியது.
ஏதெல்வினாவைத் திட்டலாம் என்றுதான்.
அவள் மூன்றாவது.
ஒசியேல் இரண்டாவது.
முதல் வரியில் என் பெயர்.

நாற்பத்தோராயிரம் கடிதம், எட்டு கிகாபைட்.
எல்லாம் சர்வர் எனக்கு எழுதியவை.
கால் மணிக்கு ஒன்று.
எச்சரிக்கை: இடம் குறைகிறது.
எச்சரிக்கை: இடம் குறைகிறது.
எவ்வளவு குறைகிறது என்ற அறிக்கை
ஒவ்வொன்றோடும் இணைப்பாக.
திறக்கவுமில்லை, அழிக்கவுமில்லை,
தனி அடைவுக்குள் தள்ளும்படி
நானே ஒரு விதி எழுதியிருந்தேன்.

மேலே தகரக்கூரை காற்றில் அடித்துக்கொண்டது.
தனியாகச் சிரித்தால்
நிலவறை கொஞ்சம் எதிரொலிக்கும்.

காலை ஐந்தரைக்குப் புள்ளிகள் முடிந்தன.
ஐம்பத்தொன்று புள்ளி நான்கு.
அஞ்சலைத் திறந்தேன்,
என் எட்டையும் காவலுக்குக்கூட நிறுத்தாமல் துடைத்தேன்.
மறுபடி அளந்தேன், தெரிந்தேதான்.
ஐம்பத்தொன்று புள்ளி நான்கு.
இருக்கட்டும்.

இருட்டு விலகாத ஜன்னலுக்குக் கீழே
முதல் கடிதம் வந்தது. இரண்டே கிலோபைட்:
கேப்பைத் தாண்டிவிட்டோம், காற்று கடுமை,
படகுத்துறையில் ஆள் வேண்டும்.

இரண்டாவது ஏதெல்வினா.
ஞாயிற்றுக்கிழமையில் இவளுக்கு என்ன வேலை?
"நாலு வருஷத்துக்கு முந்தைய மே மாத ரசீது ஒன்று,
உன்னிடம் இருக்குமா யெர்கோ?"
அடையாளத்துக்கு
அதன் உறையை மட்டும் படமெடுத்து இணைத்திருந்தாள்.
ஒன்பது மெகாபைட்.